உதடு கூடும் மாதம்

அம்மிணி, உன் மேல் போட்ட பழி பொய். கிரகணத்தன்று நீ எலுமிச்சம்பழம் அறுத்ததால்தான் உன் மகள் பிளந்த உதட்டோடு பிறந்தாள் என்று உன் புகுந்த வீட்டார் சொன்னார்கள். நீ கண் மூடும்வரை ஒருவரும் அந்தப் பேச்சைத் திரும்பப் பெறவில்லை.

இன்று காலை சமையலறையிலிருந்து எலுமிச்சை வாசம் வந்தது. மசக்கை தீராமல் என் வீட்டுக்கு வந்திருக்கும் உன் மகள் பழம் பிழிந்துகொண்டிருந்தாள். மேலுதட்டுத் தையல் கோடு வெள்ளை நூலாகத் தெரிந்தது. அவளுக்கு இது நாலாம் மாதம். அந்த நேரம் பார்த்து சங்ககிரியிலிருந்து அவள் மாமியார் போன் செய்தார்.

"நாளைக்குக் கிரகணமுங்க. கத்திய கித்தியத் தொட உட்றாதீங்க. அவங்கம்மா பண்ணுன கூத்து போதுமுங்க."

"அப்ப எந்தங்கச்சிக்கு ஏழு மாசமுங்க. ஏழாம் மாசத்துல கிழியறதுக்கு உதடென்ன சேலையாங்க?"

அந்தம்மா போனை வைத்துவிட்டார்.

நாமக்கல்லில் நான் வேலை பார்த்த குஞ்சு பொரிப்பகத்துக்கு ஒருநாள் கைக்குழந்தையோடு வந்தாய். முட்டைகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிற இருட்டறை. முட்டை வழியே வந்த வெளிச்சத்தில் உன் முகமும் சிவந்து மிதந்தது. ஓட்டுக்குள் நூல் நூலாக ரத்தம் ஓட, நடுவே ஒரு புள்ளி துடித்தது.

"இதுக்கு மூஞ்சி எங்கண்ணா?"

"இனிமேத்தான் வரும் அம்மிணி."

"எங்கிருந்து வரும்?"

அன்று எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியை இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன். அதற்காகவே கிடைத்ததையெல்லாம் படித்தேன். முகம் ஒரே இடத்தில் முளைப்பதில்லை. பின்தலைப் பக்கமிருந்து செல்கள் கிளம்புகின்றன. ஒன்றையொன்று பிடித்திருந்த பிடியைத் தளர்த்தி, அந்த இருட்டில் இரு பக்கமும் நடந்து முன்னால் வருகின்றன. எப்போது விடுவது, எந்தப் பக்கம் போவது, எங்கே மறுபடி ஒட்டுவது என்று சில புரதங்கள் சேதி சொல்கின்றன. சேதி தடுமாறினால் உதட்டின் இரண்டு கரையும் தொடாமலே நின்றுவிடும். மேலுதடு கூடுவது இரண்டாம் மாதத்தில். நீ பழம் அறுத்ததோ வளைகாப்பு முடிந்த பிறகு.

சேதி ஏன் தடுமாறியது என்று சொல்ல எனக்குத் தெரியாது. கத்தியால் இல்லை.

உன் மகள் வயிற்றுப் பிள்ளைக்கும் இதற்குள் உதடு கூடியிருக்கும், அல்லது கூடாமல் நின்றிருக்கும். நாளை அவள் எதைத் தொட்டாலும் அது மாறாது. பழி மட்டும் காத்திருக்கிறது.

ஆகவே, ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மாப்பிள்ளைதான் அவளைத் திருச்செங்கோட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும். பிள்ளை எந்த முகத்தோடு வந்தாலும் முதலில் அவர் கையில் வாங்க வேண்டும். அவர் அம்மா என் வீட்டுப் படியேறி, உன் மகள் காதுபட, சொன்னது தப்பு என்று சொல்ல வேண்டும். நாளை கிரகணம் பிடிக்கும்போது உன் மகள் பழம் அறுக்க வேண்டும். அதற்குக் கத்தியைத் தயாராக எடுத்து வைக்கச் சொன்னதே அவள்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சாற்றைக் குடிக்க வேண்டும்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, அம்மிணி. அன்றும் நீ ஒன்றும் செய்யவில்லை.