பம்பைக்காரன் காதில் ஏறிய இங்கிலீஷ்

பவ வருடம், வைகாசி 4

இன்று முருங்கைக்காய்க் குழம்பு. இனி அது வேண்டாம் என்று மருமகள் சென்னியம்மாளிடம் சொன்னேன். ஏன் என்று நாளைக்குச் சொல்கிறேன்.

பேச்சு என்னுடையது, எழுத்து அவளுடையது. எனக்குக் கைநாட்டுத்தான். அவள் பாதிரியார் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். அவள் புருஷன், என் மகன் சென்றாயன், ஜெயிலில் இருக்கிறான். "பெரியவரே, மறக்கறதுக்கு முந்தி நாள் போட்டு எழுதி வச்சிருங்க" என்று வக்கீல் பரக்கத் அலி சொல்லிவிட்டார். மறப்பதா, நானா? சரி, எழுதட்டும்.

வைகாசி 5

நடந்தது இது. பங்குனி 21, வெயில் ஏறும் நேரம். கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்துத் துரை பங்களாவில் நான் கூரை விசிறியான பங்காவைக் கயிற்றால் இழுப்பவன், சென்றாயன் குதிரைக்காரன். அன்று குதிரை நொண்டியது. நான் கயிறு இழுக்கும் தாழ்வாரத்துக்கு எதிரேதான் லாயம். துரை அங்கே வந்து பிரம்பால் அவன் முகத்தில் மூன்று வீச்சு வீசினார். பிறகு சேவகன் காத்தானைப் பார்த்துச் சொன்னார்: "ஹோல்டு ஹிம் டவுன். பிரேக் ஹிஸ் ஹேண்ட்ஸ். போத்."

அமுக்கிப் பிடி. கையை ஒடி. இரண்டையும்.

காத்தான் என் தங்கை ஆராயி பெற்றவன். மாமன் மகன் என்று பார்த்தானா? மார்பில் முழங்காலை ஊன்றி, லாயத்துக் குறுக்குக்கட்டையால் அடித்தான். இடது கை ஒடிந்தது. காய்ந்த மூங்கில் முறிகிற சத்தம் இல்லை. பச்சை முருங்கைக் கிளை முறிகிற சத்தம். சின்னதாய், ஈரமாய்.

வலது கைக்குக் கட்டையை ஓங்கும்போது குளம்பு சுரண்டும் இரும்பு மகன் கையில் அகப்பட்டது. அடுத்த நொடி துரைக்கு ஒரு கண் இல்லை.

கேஸ், கொலை முயற்சி. துரை உத்தரவே போடவில்லையாம். சென்றாயன்தான் முதலில் பாய்ந்தானாம், பிடிக்கும்போது கை ஒடிந்ததாம். துரை சொன்ன வாக்கியத்துக்கு என்னைத் தவிர வேறு சாட்சி இல்லை.

வைகாசி 19

"எழுத்தே தெரியாது, இங்கிலீஷ் எப்படித் தெரியும்னு கேப்பாங்களே" என்றார் வக்கீல்.

நான் மாரியம்மன் கோயிலில் பம்பை மேளம் அடிக்கிறவன். பம்பைக்காரன் எதையும் முதலில் வாயில்தான் படிக்கிறான். சொல் நாக்கில் உட்கார்ந்த பிறகுதான் கைக்கு இறங்கும். பதின்மூன்று வருஷம் பங்காக் கயிற்றை இழுத்துக்கொண்டே கிராமபோன் பாட்டு முழுவதையும் நாக்கில் ஏற்றினேன், அர்த்தம் தெரியாமல். அர்த்தம் வேறு வழியில் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு சத்தம் வரும். 'டீ'க்குப் பின் பீங்கான். 'கம் ஹியர்' என்றால் தரையில் நாயின் நகம். 'இடியட்'டுக்குப் பிரம்பு. 'கெட் அவுட்'டுக்குப் பூட்ஸ், என் விலாவில். 'பிரேக்' கற்றது பட்லர் கைலாசம் கண்ணாடிக் குவளையைக் கைதவறிப் போட்ட அன்று. முதலில் குவளை உடைந்த சத்தம், அப்புறம் துரை கத்திய அந்தச் சொல், அப்புறம் கைலாசத்தின் முன்பல்.

வக்கீல் சிரிக்கவில்லை. "இதை இப்படியே சொல்லுங்க, போதும்."

ஆனி 1

துரையின் வாக்கியத்தை விடியலில் நூற்றெட்டுத் தடவை சொல்கிறேன். ஓர் எழுத்துக்கூடப் பிசகக் கூடாது.

ஆனி 8

கோர்ட். காத்தான் சத்தியம் பண்ணினான்: "துரை வாயே தொறக்கலீங்க." பொட்டைப் பயல். என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் கூண்டில் ஏறினேன். ஜட்ஜ் சோதிப்பதற்காக நீளமாக ஓர் இங்கிலீஷ் வாக்கியம் சொன்னார். திருப்பிக் கொடுத்தேன், நடுவில் அவர் இருமிய இருமலோடு. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு துரையின் வாக்கியத்தை, துரையின் தொண்டையிலேயே சொன்னேன். சிரிப்பு நின்றது.

துரை பக்கத்து வக்கீல் தேனாய்க் கேட்டார்: "அருமையாச் சொல்றீங்க பெரியவரே. எத்தனை தடவை சொல்லிப் பாத்தீங்க?"

"தெனமும் நூத்தெட்டுங்க சாமி. வெடியால சாதகம் பண்ணாம பம்பைக்காரன் இருப்பானுங்களா?"

"எழுதி வச்சது ஆரு?"

"மருமகப் பொண்ணுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். பரக்கத் அலி கண்ணை மூடிக்கொண்டார். நான் நன்றாகச் சொல்லிவிட்டேன் என்றல்லவா நினைத்தேன்! வெளியே வந்துதான் வக்கீல் விளக்கினார். அட முட்டாப் பயலே... நெசத்தச் சொல்றவன் தடுமாறுவானாம். தடுமாறாதவனுக்கு எவனோ பாடம் சொல்லிக் குடுத்திருக்கானாம்.

ஆனி 15

பத்து வருஷம்.

இதை எழுதும்போது பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது.

ஆனி 16

அரிவாளைத் தீட்டினேன். காத்தான் கழுத்து எந்த இடத்தில் மெலிவு என்று எனக்குத் தெரியும். தூக்கி வளர்த்தவன் நான். சென்னியம்மாள் பிடுங்கிக் கிணற்றில் எறிந்தாள். அவள் உள்ளங்கை கிழிந்து ரத்தம் சொட்டியது. "உங்களத் தூக்குல போட்டுட்டா அப்பீலுக்கு ஆரு மாமா இருக்கறா?"

ஆடி 23

மாரியம்மன் நோன்பு. காத்தான் தீச்சட்டி எடுத்து வந்தான்.

சாமியை அழைப்பது பம்பை. சாமி வந்தவன் வாயில் பொய் வராது. இது எங்கள் ஊர்க் கட்டு. நான் அவன் முன்னால் போய் நின்றேன். வழக்கமான அழைப்பை அடிக்கவில்லை. அந்த வாக்கியத்தை அடித்தேன். ஹோல்டு ஹிம் டவுன் - பிரேக் ஹிஸ் ஹேண்ட்ஸ் - போத். திரும்பத் திரும்ப. பத்தாவது தடவையில் அவன் கண் செருகியது. உதட்டைக் கடித்தான், ரத்தம் தாடையில் வழிந்தது. சட்டி சரிந்து நெருப்பு மார்பில் கொட்டியது. நான் நிறுத்தவில்லை. சாகட்டும் என்றுதான் அடித்தேன், அதை மறைக்க மாட்டேன். பம்பைத் தோல் கிழிந்தது, என் விரலும்.

அவன் தரையில் புரண்டு அலறினான்: "துரை ரெண்டையும் ஒடிக்கச் சொன்னாரு! ஒண்ணுதான் ஒடிச்சேன்! ஒண்ணுதான் ஒடிச்சேன்!"

"போதும்ண்ணா! எம் புள்ள!" என்று ஆராயி என் கையைப் பிடித்துத் தொங்கினாள். ஊர் முழுக்கக் கேட்டது.

ஆடி 25

சாமி சொன்னதைக் கோர்ட் எழுதிக்கொள்ளாதாம். "சாமி எறங்கின பொறகு அவனே வந்து சொல்லட்டும் பெரியவரே" என்கிறார் வக்கீல். சொல்வானா?

ஆடி 30

காலையில் வாசலில் காத்தான். மார்பில் தீப்புண்ணுக்கு வாழையிலை கட்டியிருந்தான்.

"வக்கீலய்யா ஊட்டுக்குப் போலாமுங்க மாமா" என்றான். சென்னியம்மாள் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து தரையில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை வரை நடந்தே போனோம். வழியெல்லாம் அவன் அந்த இங்கிலீஷைச் சொல்லிப் பார்த்தான். "ஹோல்டு... டவுனு... பிரேக்கு..." இரண்டு இடத்தில் பிசகினான். கடைசிச் சொல் வரவே இல்லை. என் நாக்கு நுனியில் அது தயாராக நின்றது.

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். திருத்தவில்லை.