மூன்று கோப்பை சுடுதண்ணீர்

பெப்ரவரி 11, செவ்வாய். எசன், ஜெர்மனி.

நான் வேலைசெய்யும் பிரசவ வார்டில் நேற்றுப் பிள்ளை பெற்ற சீனப் பெண், மேசையில் வைத்த குளிர்ந்த தண்ணீரை இன்று மாலைவரை தொடவில்லை. தலைமைத் தாதி பதிவேட்டில், ‘குடிக்க மறுக்கிறார்’ என்று எழுதிவிட்டு, சேலைன் ஏற்றச் சொன்னார். நான் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொண்டுபோனேன். மூன்று கோப்பை குடித்தாள். பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் குளிர்ந்தது ஆகாது என்று அவளுடைய தாய் போனில் சொல்லியிருக்கிறாள்.

“உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று ஜெர்மனில் கேட்டாள்.

“எங்கட ஆக்களும் இப்பிடித்தான்” என்றேன்.

சேலைன் தேவைப்படவில்லை. பதிவேட்டில் அந்த வரியை யாரும் வெட்டவுமில்லை.

இதே வார்டில்தான் என் மூத்தவன் பிறந்தான். என்ன நினைப்பார்களோ என்று, தந்த குளிர்ந்த தண்ணீரை மூன்று நாளும் பேசாமல் குடித்தேன். என் பதிவேட்டில், ‘குறை ஒன்றுமில்லை’ என்றுதான் எழுதியிருப்பார்கள்.