தகரத்தில் போடாத ஓட்டை

என் உயிரான செலின் அக்காவுக்கு,

உங்களைத் திறந்த காலையில் அங்கே நின்றவர்களை முதலில் எழுதுகிறேன். நான். உங்கள் கணவர், என் அத்தான். உங்களோடு அங்கே பழகின, எனக்குப் பாஷை சொல்ல வந்த மன்னார் றெஜினா. நகரசபையிலிருந்து கோப்போடு வந்த ஒரு பெண். குழி வெட்டுகிற கிழவர் ஒருவர், அவருடைய மருமகன். அத்தான் பிறகு கட்டிய மனுசி சேமக்காலைக் கேற்றுக்கு வெளியே காரில் இருந்தா, அவவை நான் எண்ணவில்லை. ஆறு பேர். உங்களோடு ஏழு.

சிசிலியில் உங்கள் பட்டினத்துச் சேமக்காலையில் மண் நிரந்தரமாகக் கிடைப்பதில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்து வருஷம் கழித்துத் தோண்டி, எலும்பைப் பொறுக்கிச் சின்னப் பெட்டியில் போட்டுச் சுவரில் வைப்பார்கள். உங்கள் முறை வந்ததென்று நகரசபை அத்தானுக்குக் கடிதம் போட்டது. அத்தான் எனக்கு ரெலிபோன் எடுத்தார். "மச்சாள், வாறீரோ, இல்லாட்டி நான் தனிய நிண்டு பாக்கவோ?" என்றார். நான் வருகிறேன் என்றேன். அவரைத் தனியே விட எனக்கு மனமில்லை. நம்பிக்கையும் இல்லை.

வைகாசிக் கடைசி. மொன்றியலில் அப்போதுதான் மரங்கள் துளிர்த்திருந்தன. உங்களிடத்தில் கோடை வந்துவிட்டது போல வெயில். பலெர்மோவிலிருந்து ரெயில் கடலோரமாகவே வந்தது. நீங்கள் எழுதிய பெரிய கல்மலை, அதன் காலடியில் இரட்டைக் கோபுரக் கோவில், பல்கனிக்குப் பல்கனி கட்டிய கொடியில் காய்கிற படுக்கைத் துணிகள், எல்லாம் எழுதினபடியே இருந்தன. நீங்கள் எழுதாமல் விட்டது அந்தத் தெருக்களின் ஏற்றத்தை. அந்தக் கற்படிகளில் நீங்கள் வேலை பார்த்த கிழவி வீட்டுச் சாமான்களை ஏழு வருஷம் தூக்கினீர்களே, ஒரு கடிதத்திலாவது முழங்கால் நோகிறது என்று எழுதினீர்களா?

றெஜினா என்னைக் கோவிலுக்குள் கூட்டிக்கொண்டு போனா. மேலே தங்கக் கல் இழைத்த ஆண்டவர், கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு. நான் முழங்காலில் நின்று உங்களுக்காகச் செபமாலை தொடங்கினேன். றெஜினா கடைசி வரிசை வாங்கைக் காட்டினா.

"அக்கா இதிலதான் இருக்கிறவ. செருப்பைக் கழட்டிப்போட்டுக் காலை ஆத்துவா."

"செபம் சொல்லுவாவோ?"

"எங்கத்தைய செபம்? 'நீர் அங்க இரும், நான் இஞ்ச இருக்கிறன், ஆளை ஆள் கரைச்சல்படுத்த வேண்டாம்' எண்டு ஆண்டவருக்குச் சொல்லுவா. வெயிலுக்குத்தான் உள்ள வாறவ."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அது உங்கள் குரல்தான். நான் செபங்களை எண்ணிக் கொப்பியில் எழுதுவதைக் கேட்டு, "எடி திரேஸ், மோட்சத்தில கணக்கப்பிள்ளை வேலைக்கு ஆள் எடுக்கேக்க உன்னைத்தான் கூப்பிடுவினம்" என்று சிரித்த அதே குரல்.

கொப்பியில் இன்னொன்றும் இருக்கிறது, அக்கா. ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் கடைசியாகப் பேசியது. கேட்டவுடன் எழுதி வைத்தேன். "என்னை எங்கயும் அனுப்பாத. இஞ்ச மண்ணில போட்டுவிடுங்கோ. கெதியா மண்ணாய்ப் போகோணும். களைச்சுப் போனனடி." எழுதிவிட்டுக் கொப்பியை மூடினேன். நீங்கள் கண்ணை மூடியதும் அதற்கு நேர்மாறாக எல்லாம் செய்தேன்.

அம்மா உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். உடலை ஊருக்கு, பாசையூருக்கு, அனுப்பியே தீரவேண்டும் என்று மொன்றியலில் இருந்துகொண்டு அத்தானை உலுப்பினேன். விமானத்தில் ஏற்ற வேண்டுமென்றால் மருந்தேற்றி, உள்ளே துத்தநாகத் தகடு அடித்த பெட்டியில் வைத்துக் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும் என்றார்கள். நாங்கள் அதைத் தகரம் என்றே சொன்னோம். ஒட்டினார்கள். அதே கிழமைகளில் சண்டையில் யாழ்ப்பாணமே பெயர்ந்து தெருவில் நடந்துகொண்டிருந்தது. அம்மா எந்த மரத்தின் கீழ் இருக்கிறா என்று ஒருவருக்கும் தெரியாது. "பொறுங்கோ, பாதை திறக்கும்" என்று நான் சொல்லச் சொல்ல நீங்கள் பதினெட்டு நாள் குளிர் அறையில் கிடந்தீர்கள். பாதை திறக்கவில்லை. கடைசியில் அந்தத் தகரப் பெட்டியோடேயே அங்கே தாட்டார்கள். அம்மா உங்கள் முகத்தைக் காணாமலே மூன்றாம் வருஷம் போய்விட்டா. இப்போது உங்களோடுதான் இருப்பா, கேட்டுப் பாருங்கள்.

இனி அன்றைக் காலை. குழியைச் சுற்றிச் செவ்வந்தி நட்டிருந்தார்கள், அதைக் கிழவர் வேரோடு எடுத்து ஒரு பக்கம் வைத்தார். மரம் உக்கிப்போய் மண்வெட்டியோடேயே வந்தது. உள்ளே தகரம் புதிதாக மின்னியது. கிழவர் நிமிர்ந்து மருமகனைப் பார்த்த பார்வையிலேயே ஏதோ பிழை என்று விளங்கியது. ஓரத்தை வெட்டி மடித்தார்கள்.

நீங்கள் இருந்தீர்கள், அக்கா.

எலும்பு பொறுக்க வந்த எங்களுக்கு முன்னால் முகத்தோடு இருந்தீர்கள். கறுத்து, ஒட்டி, பல் தெரிந்து. ஆனால் நீங்கள்தான். நான் மொன்றியலில் இருந்து அனுப்பிய நீல நைலோன் சேலை கடையில் எடுத்த அன்று போல இருந்தது. கையில் சுற்றிய செபமாலையின் கம்பி மட்டும் துருப்பிடித்திருந்தது. உங்களிடம் அழிந்தது அது ஒன்றுதான்.

றெஜினா அப்படியே மண்ணில் முழங்காலில் விழுந்தா. "கோவாவில இருக்கிற புனிதர் மாதிரி, அழியேல்லை, அழியேல்லை" என்று அழுதா. உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நானும் நம்பினேன். மூவாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் செபமாலை, நாளுக்கு ஒன்று, உங்கள் பேருக்கு. அத்தனைக்கும் பதில் இதுதான் என்று நினைத்தேன்.

கிழவர் தொப்பியைக் கழற்றவில்லை. ஏதோ சொன்னார். றெஜினா மொழிபெயர்க்க மறுத்தா. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"புனிதை இல்லையாம். தகரமாம்."

பெட்டியை மண்ணில் வைக்கும்போது தகரத்தில் ஓட்டை போட வேண்டுமாம். அப்போதுதான் மண்ணும் தண்ணீரும் உள்ளே போய்த் தன் வேலையைச் செய்யும். அன்று உளியோடு வந்தது தான்தானாம். வீட்டு ஆட்கள் கையைப் பிடித்துக் கெஞ்சியதால் விட்டுவிட்டாராம். "பாவம் பார்த்தேன், அது என் பிழை" என்றாராம்.

நான் அத்தானைப் பார்த்தேன். "கல்யாணம் கட்டி ஒரு நாளும் அவவுக்கு நிம்மதி குடுக்கேல்லை. செத்தும் விடேல்லையோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்.

"மச்சாள், நீர்தானே சொன்னீர், ஓட்டை போட விடாதேங்கோ எண்டு."

"என்ர அக்கான்ர பிரேதத்துக்கு முன்னால பொய் சொல்லாதேங்கோ."

அவர் சேர்ட் பொக்கற்றிலிருந்து பேனையை எடுத்து, நகரசபைப் பெண் நீட்டிய கடதாசியில் கையெழுத்து வைத்து என்னிடம் தந்தார். உங்களை இனி என்ன செய்வதென்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருந்தார். "நீரே நிரப்பும்" என்றார். அதுவரை உங்களைச் சேமக்காலை அறையில் வைத்திருப்பதாக அந்தப் பெண் சொன்னா. மறுபடி ஓர் அறை, அக்கா. மறுபடி என் சொல்லுக்காக.

நான் மொன்றியலில் இறங்குவதற்கு முன்பே றெஜினாவின் ரெலிபோன் இறங்கிவிட்டது. ஜான்-டலோன் சந்தையில் தக்காளிக் கன்று வாங்கிக்கொண்டு நிற்கிறேன், பின்னால் ஒரு கை தோளைத் தொட்டது. எங்கள் பங்குக் கோவிலில் பாட்டுக்குழுவை நடத்துகிற பெனடிக்ரா அன்ரி.

"எடி பிள்ளை, சொல்லாமல் வைச்சிருக்கிறாய். உன்ர கொக்கா அழியேல்லையாமே."

"ஓம், அன்ரி."

"சேலையில ஒரு துண்டு, ஒரு நூலாவது கொண்டு வந்தனியோ?"

"இல்லை, அன்ரி."

இரண்டு பதிலும் பொய் இல்லை. தகரம் என்ற சொல்லைத்தான் நான் விழுங்கினேன். சொன்னால், யார் ஓட்டை போட விடவில்லை என்ற கேள்வி வரும். அதுவுமல்லாமல், எனக்கு அது இனித்தது. இருபது வருஷமாக இந்தப் பங்கில் தேநீர் ஊற்றுகிறேன். முதல் தடவையாக எனக்கு முன்வரிசையில் இடம் விட்டார்கள்.

அடுத்த ஞாயிறு கர்க்லாண்டிலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு பூசைக்கு வந்தா. ஐந்து வயது. இருதயத்தில் ஏதோ வால்வுக் கோளாறு. என் வலது கையைப் பிடித்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தா. உங்கள் பெட்டியைத் தொட்ட கையாம். நான் கையை இழுக்கவில்லை. சிலுவை அடையாளமும் போட்டேன். பிள்ளை பிரெஞ்சில் ஏதோ கேட்டது, தாய் அதை அதட்டிவிட்டு என்னிடம் சொன்னா:

"அடுத்த கிழமை ஒப்பரேசன் எண்டவை. நான் பொறுங்கோ எண்டிட்டன், அக்கா. அவ பாத்துக்கொள்ளுவா."

பொறுங்கோ. அந்தச் சொல்லை நான் எங்கே கேட்டேன், அக்கா? என் வாயிலேயே கேட்டேன்.

வீட்டுக்கு வந்து பழைய கொப்பியை எடுத்தேன். அப்போதும் என் நோக்கம் நல்லதில்லை. அத்தான் பொய்யர் என்று எழுத்தில் காட்டிவிட்டால் மனம் ஆறும் என்று தேடினேன். நீங்கள் அடக்கமான நாளின் பக்கம் வந்தது. என் எழுத்து, நீல மை, தேதியோடு: "அத்தானுக்கு ரெலிபோன். தகரத்தில் ஓட்டை போடப் போகிறார்களாம். விடவேண்டாம், அக்காவில் தண்ணீர் படும் என்று சொன்னேன். அழுதேன். சம்மதித்தார். தேவனுக்குத் தோத்திரம்."

தேவனுக்குத் தோத்திரமும் சொல்லியிருக்கிறேன்.

உடனே கர்க்லாண்டுக்கு ரெலிபோன் எடுத்தேன். அது புதுமையோ அற்புதமோ இல்லை, தகரம், பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்றேன். அந்தத் தாய் சிரித்தா. "புனிதர்களின்ர சொந்தக்காரர் இப்பிடித்தான் தாழ்மையாச் சொல்லுவினம்" என்றா. பிறகு கொப்பியை அவவுக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினேன். முடிவில் போன் வைத்த சத்தம் கேட்டது. போன கிழமை ஒப்பரேசன் முடிந்து பிள்ளை சுகம் என்று அறிந்தேன். தாய் பூசையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறா. திருப்பட்டும்.

அத்தானுக்கும் எடுத்தேன். "என்ர எழுத்தில இருக்குது, அத்தான். நான்தான் சொன்னனான்" என்றேன்.

"எனக்குத் தெரியும்தானே மச்சாள்" என்றார். பிறகு, "பத்து வருஷமா நான் அவளைத் தாட்டுப்போட்டன் எண்டு நினைச்சிருந்தன். நீர் அடைச்சு வைச்சிருந்தனீர்." போனை வைத்துவிட்டார். அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் வெட்ட முடியவில்லை.

இந்தக் கடிதத்தைப் பங்கு மலரில் போடச் சொல்லிக் கொடுக்கிறேன். பெனடிக்ரா அன்ரியும் வாசிக்கட்டும், றெஜினாவுக்கும் அனுப்புவேன். உங்கள் படத்துக்கு மெழுகுதிரி ஏற்றியவர்கள் அதை அணைத்துவிடலாம். நீங்கள் வெயிலுக்குக் கோவிலுக்குள் போன மனுசி. கால் நொந்த மனுசி. அதைப் பறித்து உங்களைப் புனிதையாக்க நான் யார்?

முன்வரிசை போய்விட்டது, தேநீர்ப் பக்கம் திரும்பிவிட்டேன். அன்றாடச் செபமாலையை நிறுத்தவில்லை. எண்ணி எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

இப்போது என் மேசையில் அந்தக் கடதாசி. றெஜினா பொருள் எழுதித் தந்திருக்கிறா. ஒன்று, தகரம் இல்லாமல் மறுபடி மண்ணில் வைப்பது. ஐந்து வருஷம் எடுக்கும், அதன்பிறகு மறுபடி திறப்பார்கள், மறுபடி யாரோ பார்ப்பார்கள். மற்றது, எரிப்பது. ஒரே நாளில் முடியும். எரிக்கிறதென்றால் எனக்கு உள்ளெல்லாம் நடுங்குகிறது, நம் வீட்டில் ஒருவரும் செய்யாதது. ஆனால் என் நடுக்கத்தைக் கேட்டுத்தானே நீங்கள் இந்த நிலைக்கு வந்து நிற்கிறீர்கள்.

"கெதியா" என்றீர்கள். "மண்" என்றும் சொன்னீர்கள். அன்று இரண்டும் ஒன்றாகக் கிடைத்திருக்கும், ஓர் உளியால் ஒரு ஓட்டை போட்டிருந்தால். இன்று ஒன்றைத்தான் தருவார்கள். நெருப்பென்றால் மண் இல்லை. மண்ணென்றால் கெதி இல்லை, ஐந்து வருஷம். இரவல் யோசனை கேட்க எனக்கு ஒருவரும் இல்லை. சுவாமியார் இரண்டும் பாவமில்லை என்கிறார். அத்தான் போன் எடுப்பதில்லை.

அம்மா மேல் ஆணை, அக்கா, இந்த முறை நீங்கள் சொல்வதை மட்டும் அந்தக் கட்டத்தில் எழுதுவேன். என் சொல் ஒன்றும் சேர்க்கமாட்டேன். அழமாட்டேன், கெஞ்சமாட்டேன், பொறுங்கோ என்று சொல்லமாட்டேன். கனவில் வந்தாலும் சரி, கோபத்தில் திட்டினாலும் சரி.

மாதக் கடைசிக்குள் கடதாசி அங்கே போய்ச் சேரவேண்டும். தபாலுக்கு ஒன்பது நாள் எடுக்கும். கெதியாய்ப் பதில் போடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
திரேஸ்