மறைந்துபோன கே

ஆகஸ்ட் 21, 1986. வியாழன்.

மதியம் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் கரண்ட் போய்த் திரும்பி வந்தது. என் ஆய்வு மாணவி ரெஜினா, கருத்தரங்குக்காகத் தன் பழைய இயற்கணிதக் கணக்கை மெஷினில் மறுபடி போட்டாள். மூன்று மாதம் முன்பு வந்த விடையில் கே என்ற எழுத்தே இல்லை. இன்று வரிக்கு வரி கே.

"கரண்ட் போனதுல மெஷினுக்கு மூளை குழம்பிடுச்சு மேடம். இத்தனை நாள் நல்ல பிள்ளையா இருந்துச்சு," என்று சிரித்தாள்.

"இருக்கும். நீ கிளம்பு, பஸ் போயிடும்," என்றேன்.

குழம்பியது மெஷின் இல்லை. அணைத்தால் மறுபடி வேலை செய்யாதோ என்ற பயத்தில் அதை நாங்கள் நாள்கணக்கில் அணைப்பதே இல்லை. மூன்று மாதம் முன்பு அவளுக்குச் சற்று முன் அதில் உட்கார்ந்த யாரோ, தம் கணக்குக்காக கேயின் மதிப்பு ஒன்று என்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மெஷின் அவள் கணக்கிலும் கே வந்த இடமெல்லாம் ஒன்றையே போட்டுவிட்டது. இன்று கரண்ட் போனதும் அந்த மதிப்பு அழிந்துவிட்டது.

ஸ்ரீரங்கம் வீட்டுக்குத் திரும்பியதும் கையால் போட்டுப் பார்த்தேன். நான்கு பக்கம். கே போகவில்லை.

அவள் ஆய்வேடு போன திங்களன்றே பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. கே மறைகிறது என்பதன்மேல்தான் மூன்றாம் அத்தியாயம் முழுவதும் நிற்கிறது. திரும்பப் பெற்றால் அவளுக்கு இன்னும் ஒரு வருடம் போகும். பெறாவிட்டால், தவறு தேர்வாளர் கண்ணில் படாமலும் போகலாம். இப்படி நினைக்கிற அளவுக்கு நான்...

மெஷினை நம்பாதே என்று அவளிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். இப்போது அவள் ஆய்வேட்டின் கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்த விடைக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'மிக அழகு' என்று எழுதியிருப்பது நான்தான். சரிபார்த்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை.