கிணற்றில் அணைந்த விளக்கு

கோலியனூர்,
5-7-1983, செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை அஞ்சம்மாள் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் சுகம். அண்ணியின் இருமல் குறைந்ததா?

இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. மேகம் கூடுகிறது, கலைகிறது. சித்திரையில் வந்தபோது, மீனம்பாக்கம் வானிலை ஆபீசில் நீங்கள் பறக்கவிடும் பலூன் காட்டியது என்று சொன்னீர்களே: உயரத்துக் காற்று மெல்லக் கீழே இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது, அந்தச் சூட்டுக் காற்று மூடிபோல் நின்றுகொண்டு மேகத்தை மேலே வளரவிடாது என்று. அன்றிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கிணற்றுப் பைத்தியம். "மழைய நம்பிக்கினு இருந்தா மல்லாட்டை காஞ்சி பூடும்" என்று கடலைக் கொல்லைக் கிணற்றை ஆழப்படுத்த ஆரம்பித்துவிட்டார்.

போன வெள்ளிக்கிழமை திண்டிவனத்து ஆட்கள் வந்து அடிப்பாறைக்கு வேட்டு வைத்துவிட்டுப் போனார்கள். நாலு நாளாகியும் புகை நாற்றம் கிணற்றை விட்டுப் போகவில்லை. இன்று காலை அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். பாதி ஆழத்தில் அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினார்கள், அதே இடத்தில் அணைந்தது. கிணறு வெட்டும் சின்னக்கண்ணு, "ஊத்து மூச்சு வுடுதுங்க, அதான் வெளக்கு அணையுது. தண்ணி கிட்ட வந்துடுச்சு" என்றார். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை சூடம் காட்டிவிட்டு, கிணற்றுக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் தானே முதலில் இறங்குவாராம்.

மேலே சூடு, அடியில் குளிர்ச்சி, நடுவில் காற்று புரளவில்லை. நீங்கள் சொன்ன மூடிதானே இது? விளக்கை அணைப்பது மனுஷனை விடுமா? சொல்லிப் பார்த்தேன். "வானத்து மூடி கெணத்துல எங்கடி வந்துச்சு? மச்சான் வந்து சொல்லட்டும், கேக்கறேன்" என்று சிரிக்கிறார்.

உங்கள் பேச்சில் ஆரம்பித்தது அண்ணா. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அண்ணியை இருமலோடு விட்டுவிட்டு உங்களால் வர முடியாது; அவருக்குக் கடிதம் போட்டால் சிரித்துவிட்டு மடித்து வைப்பார். உங்களுக்கு உடம்பு மோசம், உடனே வரவும் என்று அவர் பெயருக்குத் தந்தி அடியுங்கள். போட்டது போட்டபடி ஓடி வருவார். வந்த பிறகு உட்காரவைத்துச் சொல்லுங்கள். தந்தியைப் பார்த்து வீடே அழும். அழட்டும், பொய் சொன்ன பாவம் எனக்கு.

இங்கே தந்தி ஆபீசில் இருப்பவர் அவருக்குப் பங்காளி, அதனால் அங்கே நான் வாய் திறக்க முடியாது. இந்தக் கடிதத்தை விழுப்புரம் ஸ்டேஷனுக்கு நானே கொண்டுபோய் மெயில் வண்டித் தபாலில் சேர்க்கிறேன். வியாழனுக்குள் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

உடம்பு மோசம் என்று எழுதச் சொன்னதற்கு அங்காளம்மன் உங்கள் ஆயுசைக் கூட்டட்டும். வெள்ளிக்கு முன்னால் உங்கள் தந்தி வரவேண்டும். வராவிட்டால் என்னிடமிருந்து உங்களுக்கு ஒரு தந்தி வரும். அது பொய்யாக இருக்காது.

தங்கை,
அஞ்சம்மாள்