துண்டு செருகிய கிட்டார்

செவ்வாய், இரவு

கிட்டாரின் ஒரே தந்தியில் இரண்டு சுரங்களை மாறிமாறித் துடிக்கவைக்கும் ட்ரில்லை மூன்று மாதமாகப் பழகுகிறேன். என் கூட்டாளி, காரைதீவுச் சுதன், மூன்றே வாரத்தில் பிடித்துவிட்டான். இன்று தன் வீட்டில் வாசித்துக் காட்டினான். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு என் விரலைப் பார்த்தான். "ஏன்டா இப்பிடி அமத்துறாய்? லேசாத் தட்டினாலே காணும்."

கிட்டார் கூடாதென்னும் வீட்டாருக்கும் பள்ளிவாசலடி அயலுக்கும் கேட்டுவிடக்கூடாதென்று தந்திகளுக்கடியில் துண்டைச் செருகியே பழகியவன் நான். அழுத்தினால்தான் எனக்கே சத்தம் கேட்கும்.

தேத்தண்ணி கொண்டுவந்த அவன் அம்மா, "இன்னொருக்கா வாசி மகன்" என்று சொல்லிக் கதவடியிலேயே நின்று கேட்டார். அவன் விரல் கிடக்கட்டும். அம்மா நின்று கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இங்கே அடுத்த அறையில் என் உம்மா விழித்திருக்கிறார். துண்டை உருவினேன். கொஞ்சநேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்பச் செருகினேன்.