மன்னிக்கிற இரும்பு

8 பிப்ரவரி 1998, ஞாயிறு

இன்றைக்கும் பேசவில்லை. கோல்ஃபில் பதினாலாவது குழிக்கு நான் அடித்த பந்து வலது பக்கம் லந்தானா புதருக்குள் போனது. அதிலிருந்து மல்லேஸ்வரம் வந்து கேட்டைத் திறக்கிற வரைக்கும் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கிடையாது.

புருஷன் பெண்டாட்டி ஜோடியாக ஆட வேண்டும் என்று இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. அவர் ஒரு அடி, நான் ஒரு அடி. நான் புதருக்குள் அனுப்பினால் முள்ளில் நின்று வெளியே எடுக்க வேண்டியது அவர். அவர் மரத்துக்குப் பின்னால் போட்டால் அது என் தலைவிதி. கிளப்பில் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள்தான் ஜோடி. அக்டோபர் கோப்பை ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

வரும் வழியில் ஒரு ஆட்டோக்காரன் எங்கள் காரின் பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போனான். இறங்கிச் சண்டை போடப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே "ஹோக்லி பிடி" என்றார். கன்னடத்தில் 'போகட்டும், விடுங்கள்'. அந்த வார்த்தை ஊருக்கெல்லாம் இவரிடம் தயாராக இருக்கிறது. தண்ணீர் கலக்கிற பால்காரருக்கு, சொல்லாமல் லீவு போடுகிற வேலைக்காரி சரளாவுக்கு, எதிர் ஜோடியில் ஆடுகிற ஓஸ்வால்டுக்கு. எனக்கு மட்டும் ஸ்டாக் இல்லை.

10 பிப்ரவரி, செவ்வாய்

பேசிவிட்டார். "சாத்தமுதுல உப்பு கம்மி."

22 மார்ச், ஞாயிறு

கை விரல்கள் இன்னும் விறுவிறு என்கின்றன. பேனா பிடிக்க முடியவில்லை.

என் அயர்ன் மட்டைகள் அவர் ஆடிக் கழித்தவை. புது செட் வாங்கியபோது பழசை எனக்குத் தள்ளிவிட்டார். இரண்டு பேரும் ஒரே உயரம் (கல்யாணத்தில் எல்லாரும் அதைத்தான் பேசினார்கள்), அதனால் வெட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. இரும்புத் தலை தோசைத் திருப்பி மாதிரி மெல்லிசு. நட்டநடுவில் பட்டால் தேவாமிர்தம். அரை விரல் தள்ளிப் பட்டால் பந்து எங்கேயோ போகும், அதிர்ச்சி கை வழியாகப் பல்லு வரைக்கும் வரும். எனக்கு எப்போதும் அரை விரல் தள்ளித்தான் படுகிறது.

இன்னொரு கூத்து. சேஷகிரி சார் இன்று தன் பெண்டாட்டியின் பையிலிருந்து ஒரு மட்டையை எடுத்து அடித்துவிட்டார். ஆளுக்கு ஒரு பை, ஆளுக்குப் பதினாலு மட்டை. ஜோடியே ஆனாலும் ஒருத்தர் மட்டையை இன்னொருத்தர் போட்டியில் தொடக்கூடாதாம். சட்ட இலாகாவில் ரிடையரான எங்கள் வீட்டு மனுஷனை ரூல்ஸ் கமிட்டியில் உட்கார வைத்தால் சும்மா இருப்பாரா? அபராதம் இரண்டு அடி. போட்டுவிட்டு சேஷகிரியின் தோளில் தட்டி, "ஹோக்லி பிடி சார்" என்றார். தண்டனையும் கொடுத்து மன்னிப்பும் கொடுக்கிறார், மகானுபாவர்.

12 ஏப்ரல், ஞாயிறு

ஸ்னேஹா நியூ ஜெர்சியிலிருந்து வந்திருக்கிறாள். எனக்கு ஒரு செட் அயர்ன்! பின்பக்கம் குழிவாக, ஓரமெல்லாம் கனமாக, அடிப்பாகம் பட்டையாக. பார்க்க லட்சணம் கிடையாது. இட்லித் தட்டுக்குக் கைப்பிடி வைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் கையில் எடுத்ததும் கீழே வைக்க மனசு வரவில்லை.

கடைக்காரன் இதற்கு 'ஃபர்கிவிங்' என்று சொன்னானாம். அப்பாவுக்குப் புரியட்டும் என்று தமிழில் சொன்னாள், "மன்னிக்கிற இரும்புப்பா." அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "யாரை மன்னிக்கணும்?" என்றார். அடிக்கிறவர்களை என்றாள். "தப்பு பண்ணினா கை வலிக்கணும். அப்பதான் அடுத்த தடவை பண்ண மாட்டா" என்று பக்கத்தைத் திருப்பினார்.

இந்த மனுஷன் சட்ட இலாகாவுக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தால் எத்தனை பிள்ளைகளின் முட்டி போயிருக்குமோ.

19 ஏப்ரல், ஞாயிறு

எழுதும்போதே ரத்தம் கொதிக்கிறது.

புது ஏழாம் நம்பர் மட்டை. பந்து முனையில்தான் பட்டது, எனக்கே தெரிந்தது. பழைய மட்டையாக இருந்தால் புதர்தான். இது கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்தாலும் குழியைச் சுற்றி இருக்கிற பச்சைப் புல்தரையின் ஓரத்தில் போய் உட்கார்ந்தது. எங்கள் மட்டைப் பைகளைத் தூக்கி வருகிற அப்பாதுரை ஈஜிபுராவுக்கே கேட்கிற மாதிரி கை தட்டினார். நான் இவரைப் பார்த்தேன்.

"அது நீ அடிச்சது இல்லை மங்கா. மட்டை அடிச்சது."

மட்டை அடிச்சதாமே! மட்டை தானே எழுந்து போய் அடிச்சுதா? காலேஜில் எத்தனை வருஷமாக பிசிக்ஸ் நடத்துகிறேன். எடை ஓரத்தில் இருந்தால் தலை சட்டென்று திரும்பாது, அவ்வளவுதான் விஷயம். இதை முதல் வருஷப் பெண்களுக்குப் பத்து நிமிஷத்தில் புரிய வைத்துவிடுவேன். வீட்டில் இருக்கிற தலைக்குத்தான் முடியவில்லை. அது ஓரத்தில் மட்டுமில்லை, மொத்தமும் கனம்.

இந்த வாக்கியத்தை மறக்க மாட்டேன். என்றைக்காவது திருப்பிக் கொடுப்பேன்.

14 ஜூன், ஞாயிறு

இப்போது நிலவரம் மாறிவிட்டது. நான் நேராகப் போடுகிறேன், அவர் காட்டுக்குள் போடுகிறார். போன வருஷத்திலிருந்தே அவர் கை வேகம் குறைந்துவிட்டது. அவருடைய புது செட்டும் பழசைப் போலவே மெல்லிசு, அந்தக் கத்தி மட்டைகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. இன்று மட்டும் சில்வர் ஓக் மரத்தடியிலிருந்து எத்தனை தடவை வெளியே எடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. புடவைக்காரி, பேன்ட்டுக்கு மாறியதே இந்த ஆட்டத்துக்காகத்தான், அதிலும் இப்போது முழங்கால் வரைக்கும் சேறு.

சரி, நாமாவது பெரிய மனசு பண்ணுவோம் என்று "பரவாயில்லைன்னா" என்றேன். முகம் இன்னும் இறுகிப் போனது. அப்புறம் வழக்கம் போல மௌனம். நான் தப்பு பண்ணினாலும் எனக்கு மௌனம், அவர் தப்பு பண்ணினாலும் எனக்கு மௌனம். என்ன நியாயம் இது? ரூல்ஸ் கமிட்டியில் இதற்கு ஒரு விதியும் இல்லையா?

22 ஜூலை, புதன்

ஞாயிற்றுக்கிழமை நான் துடைத்து வைத்த என் ஏழாம் நம்பரில் செம்மண். ஈரம்கூடக் காயவில்லை.

29 ஜூலை, புதன்

மறுபடியும் மண். நேற்று அவர் கண் டாக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பினார். போன செவ்வாயும் கண் டாக்டர்தான். டாக்டர் கோல்ஃப் ரேஞ்சிலா கண் பார்க்கிறார்?

மாலையில் கிளப்புக்குச் சந்தா கட்டப் போனபோது அப்பாதுரை எதிரே வந்தார். ஐயா செவ்வாய்க்கிழமை வருகிறாரா என்று கேட்டேன். வானத்தைப் பார்த்தார். "மழை வர்ற மாதிரி இருக்கும்மா" என்றார். வானம் நீலமாக இருந்தது.

நான் கேட்கப் போவதில்லை. வீட்டில் இருக்கிற மட்டையைத் திருடிக்கொண்டு போய் அடித்துவிட்டு வந்து, சாப்பாட்டில் உட்கார்ந்து, "அந்தக் காலத்து அயர்ன் மாதிரி வராது" என்று என்னிடமே சொல்கிறவரிடம் என்ன கேட்பது? அவராகச் சொல்லட்டும்.

30 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இன்று ஒரு அடி தூரத்திலிருந்து பந்தைக் குழிக்குள் தட்டிவிட வேண்டிய புட்டை நான் தவறவிட்டேன். குழந்தைகூடப் போட்டிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காரில் மௌனம், சாப்பாட்டில் மௌனம், காபிக்கு மௌனம். டம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னேன், அக்டோபர் கோப்பையோடு சரி. அன்றைக்கும் இப்படி வாயைக் கட்டிக்கொண்டு வந்தீர்களானால் அதற்குப் பிறகு உங்களோடு ஜோடி ஆடமாட்டேன். கிளப்பில் பாகீரதி வேறு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறாள், பெண்கள் பிரிவில் அவளோடு ஆடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தனியாக மரத்தோடு பேசிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன புட்டுக்கு இவ்வளவா என்று கேட்டார்.

"புட்டுக்கு இல்லை. ஆட்டோக்காரனுக்குச் சொல்ற வார்த்தையை ஒரு நாள் எனக்குச் சொல்லியிருக்கேளா?" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அது வேறு எரிச்சல்.

காபியைக் குடிக்காமல் எழுந்து போனார். நான்தான் குடித்தேன். ஆறியிருந்தது.

1 செப்டம்பர், செவ்வாய்

கண் டாக்டர்.

4 அக்டோபர், ஞாயிறு

கோப்பை. முழுசாக எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

ஓஸ்வால்டும் அவன் பெண்டாட்டி ஐரீனும் எங்களோடு ஆடினார்கள். காலையிலிருந்தே சமமாகப் போனது. என் அடியெல்லாம் நேராக விழுந்தது. அவர் இரண்டு தடவை மரத்தில் மோதினார். மௌனம்தான், ஆனால் முயற்சி பண்ணுகிற மௌனம். வாய் திறந்து மூடுவது தெரிந்தது.

பதினேழாவது குழி. பந்து நல்ல இடத்தில், அவர் முறை. முன்னால் குளம், தாண்டினால் பச்சை. அவர் நின்று பார்த்தார், பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். "மங்கா, ஏழாம் நம்பரைக் குடு."

அப்பாதுரை அவர் பையிலிருந்து ஏழாம் நம்பரை உருவினார். "அது இல்லைப்பா. அவளோடது" என்றார் இவர்.

மாதக் கணக்கில் திருட்டுத்தனமாகத் தொட்டதை எல்லார் எதிரிலும் வாய்விட்டுக் கேட்கிறார்! வேறு எதுவும் என் மூளையில் ஏறவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அடித்தார். பந்து குளத்தைத் தாண்டி, பச்சையில் இறங்கி, கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. இத்தனை வருஷத்தில் அவர் அடித்து நான் பார்த்ததிலேயே அழகான அடி. ஐரீன்கூடக் கை தட்டினாள். நான் புட்டைப் போட்டேன். கடைசிக் குழி சமம். கணக்குப் பார்த்தால் ஓஸ்வால்ட் ஜோடியைவிட எங்களுக்கு ஒரு அடி குறைவு. மற்றவர்கள் எல்லாரும் ரொம்பப் பின்னால். கோப்பை எங்களுக்கு!

மேஜையில் உட்கார்ந்து கார்டில் கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். சேஷகிரி சார் வேறு நேர் எதிரே உட்கார்ந்து போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஒருத்தர் மட்டையை இன்னொருத்தர்...

"பதினேழுல ரெண்டு சேத்துக்கோங்கோ. அவ மட்டையால அடிச்சேன்."

ஓஸ்வால்ட் குனிந்து, "ராகவன், விடு மேன். நாங்க ஒண்ணும் பாக்கல" என்றான். உண்மையாகத்தான் சொன்னான், தங்கமான மனுஷன். இவர் தலையை ஆட்டிவிட்டு எண்ணை அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டார். கோப்பையை ஐரீன் வாங்கிக்கொண்டாள்.

காரில் ஏறினோம். சாங்கி ஏரி திரும்புகிற வரைக்கும் சத்தமே இல்லை. பார்த்தாயா, இன்றைக்கும் ஆரம்பித்துவிட்டார், இதுதான் கடைசி, நாளைக்கே பாகீரதிக்குப் போன் போடுகிறேன் என்று மனதுக்குள் பொரிந்துகொண்டே வந்தேன். அப்போது அவர் தொண்டையைச் செருமினார்.

"ஏதாவது பேசேன்."

அப்போதுதான் தெரிந்தது. வழியெல்லாம் பேசாமல் வந்தது நான்.

"அந்த ஷாட்..." என்றார். "அது நான் அடிச்சதா, மட்டை அடிச்சதா?"

ஏப்ரல் மாதத்திலிருந்து நாக்கு நுனியில் வைத்திருக்கிற பதில். தட்டில் வைத்துக் கொடுக்கிறார். வாயைத் திறந்தேன். சிக்னலில் நின்றபோது ஸ்டீயரிங்கை விட்டு மடியில் மல்லாந்திருந்த அவர் கையைப் பார்த்தேன். உள்ளங்கையெல்லாம் புதுக் காய்ப்பு. எத்தனை செவ்வாய்க்கிழமையோ.

"நீங்கதான் அடிச்சேள்" என்றேன். "ஹோக்லி பிடிங்கோ."

கன்னட வார்த்தைக்கு ஐயங்கார் மரியாதை ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு எனக்கு. சிக்னலில் பச்சை விழுந்தும் நாங்கள் கிளம்பாததால் பின்னால் ஒரு பஸ் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தது.

5 அக்டோபர், திங்கள்

பாகீரதிக்குப் போன் போடவில்லை. இனிமேலும் இவரோடுதான் ஆடுவேன் என்று முடிவு பண்ணவும் இல்லை. எனக்காக அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை இன்னும் வரவில்லையே. நான் சொன்னேன், அவர் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொள்வதற்கு என்ன கஷ்டம்?

11 அக்டோபர், ஞாயிறு

காலையில் ஆட்டம். பதினாலாவது குழியில் நான் அடித்தது அதே லந்தானா புதர். மன்னிக்கிற இரும்புக்கும் ஒரு எல்லை உண்டு. அவர் உள்ளே போய், சட்டையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து, முள்ளைப் பிடுங்கியபடியே, கார்த்திகைக்கு ஸ்னேஹா வருகிறாளா என்று கேட்டார். புதரைப் பற்றி ஒன்றுமில்லை. ஆனால் பேச்சு.

சாயங்காலம் ஸ்னேஹாவே போன் பண்ணினாள். அவர்தான் எடுத்தார். வரும்போது தனக்கு ஒரு செட் அயர்ன் வேண்டும் என்றார். "அம்மாவோடது மாதிரியே." எந்த மாதிரி, சரியாகச் சொல்லுப்பா, கடையில் கேட்பார்கள் என்றாள் போலிருக்கிறது. "அதாம்மா... அந்த... பின்னால குழியா இருக்குமே" என்றார். வேறு பேர் சொல்லு என்றிருக்கிறாள். மென்று விழுங்கினார். சட்டப் புத்தகத்தில் இருக்கிற வார்த்தையெல்லாம் வரும், அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்தேன். கடைசியில் ரிசீவரை என் பக்கம் நீட்டினார்.

"பிடி" என்றார்.

தமிழ்ப் பிடிதான். எழுதிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. பாதி வந்துவிட்டது, ஹோக்லி எப்போது வருமோ, பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

வாங்கி, "மன்னிக்கிற இரும்பு" என்று ஸ்னேஹாவிடம் சொன்னேன்.